நாகன் கொண்டுவந்த வாழைத்தார்

பழநி அடிவாரம்
21 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குமரகுரு எழுதுவது. நானும் சுசித்ராவும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். உங்கள் மூட்டுவலிக்கும் மச்சானின் சளிக்கும் கொடைக்கானல் குளிர் இந்த வாரமாவது இரக்கம் காட்டியதா என்று எழுதுங்கள்.

கையில் போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கடைக்கு வரும் பஞ்சாமிர்த ஆர்டர் எல்லாம் என் போனில்தான் வருகிறது. அது நாள் முழுக்க சுசித்ரா கையில் இருக்கும். யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். உங்கள் குரலோ ஸ்பீக்கர் இல்லாமலே பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். கார் பேச்சை அவள் காதுபட மறுபடி எடுத்தால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் கடை விலாசத்துக்கு எழுதுங்கள்.

காரைப் பட்டறையில் விட்டிருக்கிறேன். பின்பக்கம் அப்பளமாகக் கிடக்கிறது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சந்நிதி பார்க்க நிறுத்திப் பூஜை போட்டு எடுத்த வண்டி. என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. எங்கே நிறுத்தினாலும் பக்கத்து வண்டிக்காரன் கதவைத் திறந்து இடித்துவிடுவானோ என்று தொண்டையில் சோறு இறங்காது. ஓட்டலில் கார் தெரிகிற ஜன்னலோரம்தான் உட்காருவேன். கல்யாண வீட்டில் எல்லாரும் அட்சதை போடும்போது நான் வெளியே போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். "நீங்க தாலி கட்டுனது எனக்கா, காருக்கா?" என்று சுசித்ரா கேட்பாள்.

அன்றைக்கு உங்கள் கடை வாசல் பார்க்கிங்கிலும் அந்தப் பயத்தில்தான் வரிசையில் விடாமல், வண்டிகளுக்குக் குறுக்கே ஓரமாகத் தனியாக நிறுத்தினேன். அப்படியும் விதி விடவில்லை. ஏதோ ஒரு வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது லேசாகத் தட்டியதாம், கார் உருண்டுபோய்த் தடுப்புச் சுவரில் இடித்ததாம். நாம் அப்போது உங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு விஷயம். அங்கே டோக்கன் கொடுப்பவர், நாகன் என்று கூப்பிட்டார்களே, அவர் இடது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். உருண்ட வண்டியைத் தடுக்கப் போய்க் கை சுவரோடு நசுங்கியதோ என்னவோ. வைத்தியம் பார்த்தாரா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். வேறு யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். போனது போகட்டும்.

மச்சானுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி,
குமரகுரு


கொடைக்கானல்
27 மே 2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா புவனா ஆசியோடு எழுதுவது. உன் மச்சான் சளி இறங்கிவிட்டது. என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதுவும் போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணைக்கு யார்? மலை இறங்கும்போது சுசித்ராவுக்கு வாந்தி வந்ததா என்று நீ எழுதவே இல்லை. காரைப் பற்றித்தான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

போனது போகட்டுமா? ஏலே, அப்புறம் அக்கா என்று ஒருத்தி நான் எதற்கு இருக்கிறேன்? அந்தப் பார்க்கிங் வாசலிலேதான் தைலமும் சாக்லேட்டும் விற்றுக் காலத்தை ஓட்டுகிறேன். குத்தகைக்காரர் செல்வமுருகன் என் கடை டீ உள்ளே போகாமல் டோக்கன் கட்டைப் பிரிக்க மாட்டார். உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே பிடித்துக்கொண்டேன். "எந்தம்பி பழநியில பஞ்சாமிர்தக் கடை வச்சு நாலு காசு பாத்து வாங்குன வண்டி. ஒங்க எடத்துல நின்னுதான் அப்பளமாக் கெடக்கு. என்ன பதில் சொல்றீங்க?" நான் போட்ட சத்தத்தில் ஏரிக்குப் படகு விடப் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

நாகன், "கல்லு வச்சேம்மா, நான் வச்சேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இந்த மலையில் சரிவான இடத்தில் நிற்கிற வண்டிக்குச் சக்கரத்தில் கல் முட்டுக் கொடுப்பது வழக்கம், அது அவன் பொறுப்பு. செல்வமுருகன் ஒரே போடாகப் போட்டார். "நானே வண்டிக்குள்ள எட்டிப் பாத்தேன்டா. ஹேண்ட் பிரேக்கு மேல தூக்கித்தான் இருந்துச்சு. அந்தச் சார் ஒழுங்காத்தான் விட்டுட்டுப் போயிருக்காரு. வேன் தட்டுனா கல்லுதான தாங்கணும்? நீ சரியா முட்டுக் குடுக்கல." அன்று சாயங்காலமே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

இனிமேல் உன் கார் இந்த ஊரில் நின்றால் ஒரு ஈ உட்காராது. அவன் கைக்கு ஒன்றும் இல்லை, சுளுக்காக இருக்கும். துண்டைச் சுற்றிக்கொண்டு பாவம் காட்டுகிறான்.

நேரத்துக்குச் சாப்பிடு. காரை நினைத்து இளைத்துப்போகாதே.

அக்கா,
புவனா


பழநி அடிவாரம்
18 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

குமரகுரு வணக்கத்துடன் எழுதுவது. வைகாசி விசாகக் கூட்டத்தில் பேனா எடுக்க நேரமில்லை. அதுதான் தாமதம். இங்கே எல்லாரும் சுகம். அங்கே மழை பிடித்துவிட்டதா?

கார் வந்துவிட்டது. பின்பக்கப் பெயின்ட் லேசாக நிறம் மாறியிருக்கிறது. வெயிலில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் பட்டறைக்காரர். எனக்கு நிழலிலும் தெரிகிறது.

அக்கா, நாகனை வேலையை விட்டு நிறுத்தும் அளவுக்கு அவர் என்ன செய்துவிட்டார்? தட்டியது வேன்காரன். நீங்கள் செல்வமுருகனிடம் போய், என் தம்பிக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை, அந்த ஆளை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். சுளுக்குக்கு யாரும் இத்தனை நாள் துண்டு கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதையும் விசாரியுங்கள்.

பஸ் கண்டக்டரிடம் இரண்டு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று நாகன் வீட்டுக்கு.

தம்பி,
குமரகுரு


கொடைக்கானல்
25 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சாரல் விடாமல் அடிக்கிறது, துணி காயவில்லை, மற்றபடி குறையில்லை. பஞ்சாமிர்தம் வந்தது. இரண்டு டப்பாவையும் உன் மச்சானே வழித்துத் தின்றுவிட்டார். கொடுப்பதற்கு நாகன் இங்கே இல்லை.

கையில் எலும்பு விண்டிருந்ததாம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். நான் சுளுக்கு என்று நினைத்தது தப்புதான். மற்ற பார்க்கிங்கில் கேட்டுப் பார்த்திருக்கிறான், செல்வமுருகன் நிறுத்திய ஆள் என்று தெரிந்து யாரும் சேர்க்கவில்லை. உன் பழநிப் பக்கம் பாலசமுத்திரத்துக்கு மேலே மலையில்தான் அவன் வீடு. குடும்பத்தோடு இறங்கிப் போய்விட்டான்.

போவதற்கு முன்னால் அவன் பெண்சாதி ஒய்யம்மாள் என் கடைக்கு வந்தாள். "கை கூடிருச்சுன்னா மறுபடி சேத்துக்கச் சொல்லுங்கம்மா. வேற சோலி அவருக்குத் தெரியாது" என்றாள். நான், "எந்தம்பி காருக்கு ஆன செலவ ஒம்புருசன் குடுப்பானா?" என்று கேட்டேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் மழையில் இறங்கிப் போனாள். சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். ஒரு டீ கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் ஒன்று. நாகனே அவளிடம், "பெரிய கல்லா எடுக்கச் சோம்பல் பட்டுட்டேன் போல. எம்மேலதான் தப்பு" என்று சொல்லியிருக்கிறான். அவனே ஒத்துக்கொண்ட பிறகு நீ எதற்கு அவனுக்கு வக்கீல்? உன் மனசு வெல்லப்பாகு. சின்ன வயதிலேயே அப்படித்தான்.

சுசித்ராவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
புவனா


பழநி அடிவாரம்
30 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் சரியாக வருவதில்லை. உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு பதில் எழுதாமலே இருந்தேன், மன்னிக்கவும்.

போன வெள்ளிக்கிழமை நாகன் கடைக்கு வந்தார்.

நான் உள்ளே வெல்ல மூட்டையை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் குரல் கேட்டது. ஒரு தடவைதான் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், ஆனாலும் தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மூட்டைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். என் கடையில் நானே.

சுசித்ராதான் முன்னால் இருந்தாள். அவர் ஒரு முழு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கட்டுப் பிரித்த கை இன்னும் மடங்கியபடியே இருந்ததாம். "சார் இல்லீங்களாம்மா? நான் கொடைக்கானல் பார்க்கிங் நாகன். சார் வண்டி எம்பொறுப்புல இருக்கப்பத்தான் கெட்டுப்போச்சு. இது எங்க கொல்லையில வெளைஞ்ச மலைவாழை. பஞ்சாமிர்தத்துக்கு இதுதான ஆகும்? சாமிக்குச் செய்யுறதுல சேத்துக்கங்க. சார மனசுல ஒண்ணும் வச்சுக்க வேணாம்னு சொல்லுங்க."

சுசித்ரா ஸ்டூல் போட்டாள், மோர் கொடுத்தாள். "அவரு இந்நேரம் வந்துருவாரு, இருங்க" என்று வேறு சொன்னாள். அவர் மோரைக் குடித்துவிட்டு, வெள்ளனே கிளம்பி வந்ததாகவும் வீடு போய்ச் சேர வேண்டும் என்றும் சொல்லிப் போய்விட்டார். அவர் தெரு திரும்பும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

"பாவங்க. ஒத்தக் கையால தூக்கிட்டு வந்திருக்காரு. இவரையா வண்டி இடிச்ச அன்னைக்கு நாம அந்தப் பேச்சுப் பேசுனோம்?" என்று கேட்டாள்.

தார் கடைக் கொக்கியில் தொங்குகிறது. விருப்பாச்சி ரகம், நல்ல காய். பழுக்க ஆரம்பித்துவிட்டது, கடை முழுக்க வாசனை. பஞ்சாமிர்தம் பிசைய ஆட்கள் எடுக்கப் போனார்கள், தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி,
குமரகுரு


கொடைக்கானல்
5 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று உன் கடிதம் சொல்கிறது.

ஒளிந்துகொண்டாயா? கடன்காரன் வந்தால் ஒளிவார்கள். திருடனைக் கண்டு யாராவது ஒளிவார்களா? உன் காரைக் கெடுத்தவன் பழத்தார் கொண்டுவந்தால் நீ நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து வாங்கியிருக்க வேண்டும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

நானும் இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு நீ வண்டியை விட்டுவிட்டு என் கடைக்கு நடந்து வந்தாய். நாகன் பின்னாலேயே வந்து, "ஹேண்ட் பிரேக் போட்டாச்சுங்களா சார்?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை ஆட்டினாய்.

குமரகுரு, நேராகவே கேட்கிறேன். பிரேக் போட்டாயா, இல்லையா? அக்காவிடம் பொய் எழுதாதே.

புவனா


பழநி அடிவாரம்
29 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

உங்கள் நலமும் மச்சான் நலமும் கேட்க எனக்கு இன்று தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

போடவில்லை.

இங்கே அடிவாரத்தில் தைப்பூசக் கூட்டத்தில் வண்டியை மறித்து வண்டி நிறுத்துவோம். அப்படி நிறுத்துகிறவன் நியூட்ரலில் போட்டு, பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். உள்ளே மாட்டியவன் நம் வண்டியைக் கையால் தள்ளி வைத்துவிட்டு வெளியே போவான். பிரேக் போட்டிருந்தால் ஆத்திரத்தில் உரசிக்கொண்டு போவான். கீறல் விழாமல் இருக்க வேண்டுமென்றால் பிரேக் போடாதே, இதுதான் இங்கே எல்லாரும் படித்த பாடம். வாங்கிய நாளிலிருந்து கடைப் பக்கம் அப்படித்தான் நிறுத்துகிறேன். மலை ஏறி வந்த பிறகும் என் கை அந்தப் பாடத்தைத்தான் செய்தது. நாகன் வேறு, "வரிசையில விடுங்க சார், அந்த ஓரம் சரிவு" என்று சொன்னார். வரிசையில் விட்டால் பக்கத்து வேன் கதவு இடிக்கும் என்ற ஒரே நினைப்பில், "ஒங்க வேலையப் பாருங்க" என்றேன். வண்டியின் மொத்தப் பாரத்தையும் அவர் வைத்த ஒரு கல்தான் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. வேன் தட்டியதும் அது தெறித்துவிட்டது.

இதோடு நின்றிருந்தால் மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். சத்தம் கேட்டு ஓடி வந்தோமே, நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொன்னேன். லீவர் கீழே கிடந்தது. பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் மேலே தூக்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் செல்வமுருகன் எட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் நாகன் கண்ணாடிக்கு வெளியே கையை இடுக்கிக்கொண்டு, கல் எங்கே போனது என்று தரையில் தேடிக்கொண்டிருந்தார்.

சுசித்ராவுக்கும் தெரியாது. நீங்கள் அவரைத் திட்டியதாக எழுதிய கடிதத்துக்குப் பதிலிலேயே இதை எழுதித் தடுத்திருக்கலாம். எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் எனக்காக இன்னும் கொஞ்சம் செய்துகொண்டே போனீர்கள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா.

தார் கறுத்துப்போனது. ஒரு பழம்கூட உரிக்கவில்லை. ஈ மொய்க்கிறது என்று சுசித்ரா குப்பை வண்டியில் போட்டுவிட்டாள்.

நீங்கள் செல்வமுருகனிடம் பக்குவமாகச் சொல்லிவிட முடியுமா? நாகன் வீட்டுக்கும் யாரிடமாவது சொல்லி அனுப்பினால் போதும்.

குமரகுரு


கொடைக்கானல்
3 அக்டோபர் 2025

குமரகுருவுக்கு,

உன் மச்சான் நலம். நான் சாப்பிடுகிறேன், கடை திறக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பதில் எழுத உட்காருவேன், ஒய்யம்மாள் மழையில் இறங்கிப் போனது கண்ணில் வரும், எழுந்துவிடுவேன். தம்பி மேல் பாசம் என்று நினைத்து நான் போட்ட சத்தமெல்லாம் ஒரு வீட்டுச் சோற்றில் போட்ட மண். அவர் கல்லு வச்சேன் கல்லு வச்சேன் என்று சொன்னபோது நான் சிரித்தேன், குமரகுரு. ஊரே பார்க்கச் சிரித்தேன். அந்த மனிதரும் அதைக் கேட்டுக் கேட்டுத் தன் மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டார்.

ஆயுத பூஜைக்கு உன் காருக்கு மாலை போட்டாயா? சந்தனம் எத்தனை இடத்தில் வைத்தாய்?

பக்குவமாக நான் சொல்ல மாட்டேன். நான் போய்ச் சொன்னால் அதற்குப் பேர் சிபாரிசு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வா. செல்வமுருகனும் வேன் டிரைவர்களும் இருக்கிற நேரமாகப் பார்த்து வா. அதே இடத்தில் நின்று சொல். நான் உன் பக்கத்தில் நிற்கிறேன், என் பங்கை நான் சொல்கிறேன். அதற்குப் பிறகு பாலசமுத்திரத்துக்கு நீ தனியாகப் போ.

பஸ்ஸில் வா. கார் வேண்டாம்.

அக்கா


பழநி அடிவாரம்
14 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் மூட்டுவலியோடு அன்று அவ்வளவு நேரம் என்னோடு நின்றீர்கள். செல்வமுருகன் காறித் துப்பியபோதும் என் கையை விடவில்லை. வீங்கியிருக்குமே, தைலம் போட்டீர்களா?

சுசித்ராவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு அவரு வந்தப்ப நீங்க உள்ளதான இருந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இனி நீங்கள் போனிலேயே பேசலாம், அவள் ஸ்பீக்கரில் போட்டாலும் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நாகன் வீட்டில் நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இதை மட்டும் எழுதுகிறேன்.

பாலசமுத்திரத்தில் பஸ் இறங்கி, விசாரித்து மேலே ஏறிப் போனேன். வாசலில் உட்கார்ந்து விறகு கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க சார், பழம் இனிப்பா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் நான் மனப்பாடம் பண்ணிப் போனதெல்லாம் மறந்துவிட்டது. நின்றபடியே சொன்னேன். பிரேக் போடாததைச் சொன்னேன். லீவரைத் தூக்கியதைச் சொன்னேன்.

கையிலிருந்த விறகுக் கயிற்றைக் கீழே போட்டார். பிறகு, "அப்ப கல்லு சரியாத்தான் இருந்துச்சா?" என்றார். "சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். "சின்னக் கல்லு இல்லையே?" என்றார். "இல்ல" என்றேன். உள்ளே திரும்பி, "ஏய், ஒய்யம்மா, கேட்டியா? கல்லு சரியாத்தான் இருந்துச்சாம்" என்று கத்தினார். ஒய்யம்மாள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வமுருகன் மறுபடி வேலைக்குக் கூப்பிடுவதைச் சொன்னேன். "அது எஞ்சோலி. நான் போவேன்" என்றார். கை வைத்தியத்துக்கு என்று கொண்டுபோன கவரை நீட்டினேன். வாங்கவில்லை. அதைப் பார்க்கவும் இல்லை.

"என் தாரத் திருப்பிக் குடுங்க" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"தப்பு எம்மேலன்னு நெனச்சுத்தான் கொண்டாந்தேன். கொல்லையில அது ஒண்ணுதான் இந்த வருசம் வெட்டுனது. புள்ளைகளுக்குக்கூட ஒரு சீப்பு எடுக்கல. அது ஒங்களுக்கு உள்ளது இல்ல சார். திருப்பிக் குடுங்க."

அழுகிப்போய்விட்டது என்று சொன்னேன்.

"சாமிக்கும் சேக்கலையா?"

இல்லை என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். "போங்க சார், வெயில் ஏறுது" என்றாள் ஒய்யம்மாள்.

அக்கா, விருப்பாச்சித் தார் நான் தினமும் வாங்குகிறேன். நாளைக்கே பத்துத் தார் அவர் வீட்டு வாசலில் இறக்க முடியும். அவர் கேட்டது அது இல்லை. அவர் கேட்டதைக் கொடுக்க என்னிடம் வழி இல்லை.

மச்சானுக்கு வணக்கம் சொல்லுங்கள். நாகன் வேலைக்கு வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
குமரகுரு